மலை நிறைய பைனஸ், கடையில் இறக்குமதிப் பலகை

பண்டாரவளையிலிருந்து அப்புத்தளை வரை பஸ்ஸில் போனாலே போதும், பைனஸும் டர்பன்டைனும் (யூகலிப்டஸை இங்கே அப்படித்தான் சொல்வோம்) சவுக்கும் (கிரெவில்லியா மரம்) கண்ணில் பட்டுக்கொண்டே வரும். ஆனால் ஏழு பேர்ச் காணி கிடைத்து வீடு கட்டிக்கொண்டிருக்கும் யாரிடமாவது கூரைக்கு என்ன மரம் போட்டீர்கள் என்று கேட்டால், மலேசியாவிலிருந்து வந்த கெம்பஸ் என்பார், இல்லாவிட்டால் பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய இறக்குமதி பைனஸ் என்பார். சுற்றிலும் மரத்தை வைத்துக்கொண்டு கப்பலில் வந்த மரத்தை ஏன் வாங்குகிறோம்? இதற்குப் பதில் தேடினால் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, சீனா, நியூசிலாந்து என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஹட்டனுக்குத் திரும்ப முடியும். மர வியாபாரம் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், அதனால் அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

வன்மரம், மென்மரம் என்று மரக்காலையில் பிரித்துச் சொல்வார்கள். நகத்தால் கீறிப் பார்த்துச் செய்த பிரிவு இல்லை இது. பூத்துக் காய்க்கும் அகன்ற இலை மரங்கள் எல்லாம் வன்மரக் கணக்கு: தேக்கு, பலா, மகோகனி, முதிரை, டர்பன்டைன், இறப்பர், அல்பீசியா. ஊசி மாதிரி, செதில் மாதிரி இலையோடு கூம்புக் காய் போடும் பைனஸ், சைப்பிரஸ் போன்றவை மென்மரம். இதில் வேடிக்கை என்னவென்றால், கையில் எடுத்தால் எடையே தெரியாத பால்சாவும் வன்மரம்தான். அந்தப் பால்சாவில் பெரும்பகுதி ஈக்வடோரிலிருந்து வருகிறது. காற்றாலை இறக்கைகளின் உள்ளே வைக்க 2020ஐ ஒட்டிச் சீனா அதை வாங்கிக் குவித்தபோது அங்கே ஆற்றோரக் காடுகளில் கிடைத்ததையெல்லாம் வெட்டித் தள்ளினார்கள். பசுமை மின்சாரத்துக்காகக் காடு போனது என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள்.

வெப்பமண்டலக் காட்டில் இயற்கையாக வளரும் மென்மரம் குறைவு. மத்திய அமெரிக்காவில் ஹொண்டூரஸ், நிக்கராகுவா பக்கம் பைனஸ் காடு உண்டு, சுமாத்ராவிலும் பிலிப்பைன்ஸின் லூசோன் மலைகளிலும் கொஞ்சம் உண்டு, பாப்புவா நியூகினியில் அரோகாரியா என்ற கூம்புக்காய் மரங்கள் உண்டு, இப்படி அங்கங்கே சில இடங்களில்தான். மலையகத்தில் நிற்கும் பைனஸ் எதுவும் இந்த மண்ணின் மரம் கிடையாது. அதில் பெரும்பகுதி கரீபியன் பைனஸ், அதாவது ஹொண்டூரஸ், பெலீஸ் பக்கத்திலிருந்து விதையாக வந்தது. டர்பன்டைனும் சவுக்கும் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. தேயிலையும் வந்ததுதான், அதைப் பயிரிட்ட நாமும் வந்தவர்கள்தான் என்பதால் இதில் யாரும் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

சரி, அளவைப் பார்ப்போம். உலகம் முழுக்க ஒரு வருடத்தில் வெட்டப்படும் மரம் ஏறத்தாழ 400 கோடி கன மீற்றர். அதில் பாதி விறகு. இதைப் படித்து யாராவது ஆச்சரியப்படலாம், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காய வைக்கும் அடுப்புக்கு லொறி லொறியாக விறகு இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதினமாக இருக்காது. மிச்சப் பாதிதான் பலகை, ப்ளைவுட், காகிதம், கம்பம் என்று போகிறது, அதிலும் பெரிய பங்கு ரஷ்யா, கனடா, அமெரிக்கா, ஐரோப்பா மாதிரிக் குளிர் நாடுகளின் மென்மரம். வெப்பமண்டல நாடுகளில் வெட்டும் மரத்தில் பெரும்பகுதி அந்தந்த நாட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது, கப்பலேறுவது சிறு பங்குதான். ஆனால் அந்தச் சிறு பங்கு எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்பது கடந்த அறுபது எழுபது வருடங்களில் பல தடவை தலைகீழாக மாறியிருக்கிறது.

கதை பிலிப்பைன்ஸில் தொடங்குகிறது. போருக்குப் பிறகு ஜப்பான் தன் ப்ளைவுட் ஆலைகளுக்கு அங்கிருந்துதான் லவான் மரத்தை உருட்டை உருட்டையாக, அதாவது அறுக்காத முழுக் கட்டையாக, கொண்டுபோனது. 1950களிலும் 60களிலும் அது ஓகோ என்று நடந்தது, காடு கரைந்தது, 1980களில் உருட்டை ஏற்றுமதியை நிறுத்தும் நிலை வந்தது, இன்றைக்கு அந்த நாடே வெளியிலிருந்து மரம் வாங்குகிறது. ஜப்பான் என்ன செய்தது? பக்கத்து மலேசியாவின் சபா, சரவாக் பக்கமும் இந்தோனேசியாவின் போர்னியோப் பக்கமும் திரும்பியது. இந்தோனேசியா கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டு 1985இல் உருட்டை ஏற்றுமதியை முற்றாகத் தடை செய்து, மரம் வேண்டுமா, எங்கள் ஆலையில் ப்ளைவுட்டாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. சில வருடங்களுக்குள் உலகில் வெப்பமண்டல ப்ளைவுட்டை அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடாகவும் ஆகிவிட்டது. காடு பிழைத்ததா என்றால் அதுதான் இல்லை. ஆலைகளின் பசி காட்டின் வளர்ச்சியைவிடப் பெரிதாக இருந்ததால் திருட்டு மரமும் சேர்ந்து ஆலைக்குள் போனது.

தாய்லாந்தில் 1988 நவம்பரில் தெற்கு மாகாணங்களில் பெருமழை, மலைச்சரிவு, வெட்டிப்போட்ட மரக்கட்டைகள் வெள்ளத்தோடு உருண்டு வந்து ஊர்களை அடித்துக்கொண்டு போயின. 1989 ஜனவரியில் அரசு காட்டில் மரம் வெட்டுவதையே தடை செய்தது. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் இரவோடு இரவாக லயத்தை விட்டுக் கோயிலுக்கோ பாடசாலைக்கோ போய்ப் படுக்கும் நமக்கு அந்த முடிவின் நியாயத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் தாய்லாந்து ஆலைகள் மூடப்படவில்லை, எல்லைக்கு அந்தப் பக்கம் மியன்மார், லாவோஸ், கம்போடியா காடுகளிலிருந்து மரம் வரத் தொடங்கியது. பத்து வருடம் கழித்து 1998இல் யாங்சி ஆற்று வெள்ளத்துக்குப் பிறகு சீனாவும் தன் இயற்கைக் காடுகளில் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது, உடனே உலகத்தின் மரமெல்லாம் சீனாவை நோக்கி ஓடத் தொடங்கியது. இன்றைக்கு வெப்பமண்டல உருட்டை மரத்தை அதிகம் வாங்கும் நாடு அதுதான். ஒரு நாட்டில் தடை வந்தால் வெட்டு நிற்பதில்லை, பக்கத்து நாட்டுக்குப் போகிறது. இதை ஒரு விதியாகவே நான் எடுத்துக்கொள்வேன், இதற்கு மாறான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம் தடைகள் வரிசையாக வந்தன. 2010இல் மத்திய ஆபிரிக்காவின் காபோன் உருட்டை ஏற்றுமதியை நிறுத்தியது, 2014 ஏப்ரலில் மியன்மார் நிறுத்தியது, 2016இல் லாவோஸ். காடு காப்பாற்ற என்று சொன்னாலும் உள்நோக்கம் பெரும்பாலும் இந்தோனேசியா செய்ததுதான்: உருட்டையாக விற்றால் கூலி மட்டும் மிஞ்சும், பலகையாக, ப்ளைவுட்டாக, கதிரையாக விற்றால் வேலையும் லாபமும் உள்ளே தங்கும். பச்சைக் கொழுந்தாகவும் மொத்தத் தேயிலையாகவும் விற்றுவிட்டு, வெளிநாட்டுக்காரன் பக்கெட்டில் அடைத்து நாலு மடங்கு விலைக்கு விற்பதைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நமக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

இப்படி உருட்டைக் கப்பல்கள் குறைந்ததும் சந்தையை நிரப்பியது தோட்ட மரம். இந்தத் தலைமுறையில் நடந்த பெரிய மாற்றம் இதுதான், ஆனால் இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மலேசியாவும் தாய்லாந்தும் பால் வற்றிய இறப்பர் மரங்களை முன்பெல்லாம் எரித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. வெட்டிய கையோடு மருந்து ஏற்றிச் சூளையில் காய வைத்தால் பூச்சியும் பூஞ்சணமும் வராது என்பதைப் பிடித்துக்கொண்ட பிறகு, அதே மரம் 1980களிலிருந்து மேசை கதிரையாக உலகமெங்கும் போகிறது. இருபத்தைந்து முப்பது வருடத்தில் இறப்பர்த் தோட்டம் எப்படியும் மாற்றி நடப்பட வேண்டியதால் மரம் தானாகவே கிடைத்துக்கொண்டிருக்கும். வியட்நாம் அக்கேசியாவை நட்டு, சின்ன மரத்தைச் சில்லு சில்லாக்கிக் காகிதத்துக்கும் பெரிய மரத்தைத் தளபாடத்துக்கும் அனுப்புகிறது. பிரேசில் யூகலிப்டஸை ஆறேழு வருடத்தில் வெட்டிக் கூழாக்குகிறது. தேக்குகூட இப்போது பெரும்பாலும் நட்டு வளர்த்ததுதான், கேரளத்தின் நிலம்பூரில் 1840களிலேயே தேக்கு நட்டார்கள் என்றாலும் உலக அளவில் அது பெருகியது பிந்தித்தான். நட்ட தேக்கை இளசாகவே வெட்டிவிடுவதால் வைரம் குறைவு. பழைய பர்மா தேக்கைத் தடவிப் பழகிய தச்சு பாஸ்மார் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், அது நியாயமான முகச்சுளிப்புத்தான்.

மென்மரம் நுழைவது இங்கேதான். கூரைக்கும் பெட்டிக்கும் பலட்டுக்கும் நூறு வருட வைரம் பாய்ந்த மரம் தேவையில்லை. நேராக, இலேசாக, ஆணி இறங்குகிற மாதிரி, ஒன்றுக்கொன்று ஒரே அளவில் இருந்தால் போதும். நியூசிலாந்தும் சிலியும் கலிபோர்னியாவின் ரேடியேட்டா பைனஸைக் கொண்டுபோய் நட்டு, முப்பது வருடத்துக்குள் வெட்டுகின்றன, தென்னாபிரிக்காவிலும் பிரேசிலின் தெற்கிலும் வேறு பைனஸ் இனங்கள். அங்கே வெட்டுவது இயந்திரம், அறுப்பதும் காய வைப்பதும் தரம் பிரிப்பதும் ஒரே ஆலைக்குள். அதனால் பாதி உலகம் தாண்டி வந்த பிறகும் விலை கட்டுப்படியாகிறது. மருந்து ஏற்றும்போது மென்மரத்தின் வெளிச்சதை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், காட்டு வன்மரங்கள் பலவற்றில் அது நடக்காது. ஆக, முன்பு ஆசியக் காட்டு மரம் செய்த சாதாரண வேலைகளில் ஒரு பகுதியைத் தோட்டத்து மென்மரம் எடுத்துக்கொண்டுவிட்டது.

விலையும் அப்படியே ஒன்றோடொன்று கட்டுப்பட்டுப் போய்விட்டது. 2021 மே மாதம் அமெரிக்காவில் ஆயிரம் போர்ட் அடி (ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலத் தடிப்பு ஒரு போர்ட் அடி) பலகை 1,600 டொலரைத் தாண்டியது. கொரோனாவில் ஆலைகள் உற்பத்தியைக் குறைத்திருந்த நேரம், வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாம் வீட்டைத் திருத்தக் கிளம்பியதுதான் காரணம். கொஞ்ச மாதத்தில் அந்த விலை சரிந்தும் விட்டது. 2022 தொடக்கத்தில் ரஷ்யா ஊசியிலை உருட்டை மரத்தின் ஏற்றுமதியை நிறுத்தியது, அதற்குப் பின் உக்ரைன் போர். இலங்கையில் அதே வருடம் 200 ரூபாயைச் சுற்றி நின்ற டொலர் 360ஐத் தொட்டது, அதற்கு முன்பே இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வேறு. வெளிநாட்டில் விலை இறங்கினாலும் நமக்கு ஏறியது இப்படித்தான். ஆகவே மரக்காலைக்காரர் விலை கூடிவிட்டது என்றால் எப்போதும் அவர் கொள்ளையடிக்கிறார் என்று அர்த்தமில்லை (எப்போதும் கொள்ளையடிக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன்).

இனி நம் மலைக்கு வருவோம். இங்கே காட்டைக் கரைத்தது மர வியாபாரம் இல்லை, கோப்பி. 1840களிலிருந்து மலையை எரித்து எரித்துக் கோப்பி நட்டார்கள், அந்த வேலையைச் செய்தது தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த நம் முன்னோர்கள், வெட்டிய மரத்தில் பெரும்பகுதி விற்கக்கூடப் போகாமல் சாம்பலானது. 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்தது. 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொடக்கூடாது என்று ஆலோசனை சொன்னார், நுவரெலியாப் பக்கத்து உச்சிகளில் இன்றும் காடு மிஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தேயிலை வந்த பிறகு விறகுக்கும் காற்றுத் தடுப்புக்கும் டர்பன்டைன், நிழலுக்குச் சவுக்கு. பிறகு 1970களின் கடைசியிலும் 80களிலும், பாழாய்ப் போன பற்றனைப் புல்வெளிகளிலும் கைவிட்ட தேயிலைக் காணிகளிலும் அரசு பைனஸை நட்டுக்கொண்டே போனது. மண் அரிப்பு நிற்கும், ஆற்று நீரேந்துப் பகுதி காப்பாற்றப்படும், பிற்காலத்தில் மரமும் கிடைக்கும் என்பது கணக்கு. வேறு எதுவும் பிடிக்காத மண்ணில் பைனஸ் பிடித்தது, அதை மறுக்க முடியாது.

1990இல் இலங்கை தன் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்கு மரம் வெட்டுவதை நிறுத்தியது. நல்ல முடிவு. ஆனால் அன்றிலிருந்து நாட்டின் பலகைத் தேவையை யார் தாங்குகிறார்கள்? பெரும்பங்கு வீட்டுத் தோட்டங்கள்: பலா, மகோகனி, மா, அல்பீசியா என்று கொல்லைப்புறத்தில் நிற்கும் மரங்கள். அப்புறம் இறப்பர், அரச மரக் கூட்டுத்தாபனம் வெட்டும் தேக்கும் டர்பன்டைனும் பைனஸும், போதாததற்கு இறக்குமதி. கொல்லையில் நிற்கும் பலாவாக இருந்தாலும் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியில்லாமல் தொட முடியாது, ஈரப்பலாவும் பெண் பனையும் அதே பட்டியலில் இருக்கின்றன. இதிலே மலையகத் தோட்டத்து ஆளுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது: வீட்டுத் தோட்டம் என்று சொல்லக் காணி வேண்டுமே. லயத்துக்குப் பின்னால் நாம் நட்ட பலாக்கூட காகிதத்தில் தோட்டத்துக்குச் சொந்தம். வீடு கட்டும்போது ஒவ்வொரு கைமரத்தையும் காசு கொடுத்து வாங்கும் கூட்டம் நாம்தான், சந்தை விலை ஏறினால் முதலில் அடிபடுவதும் அதனால்தான்.

சரி, அந்த பைனஸை வெட்டி அறுத்தால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். கொஞ்சம் வெட்டுகிறார்கள், பிசினும் எடுக்கிறார்கள்: பட்டையைக் கீறிக் கோப்பை கட்டி வடிக்கும் பிசினிலிருந்துதான் பெயின்றுக்குச் சேர்க்கும் டர்பன்டைன் எண்ணெய் வருகிறது. ஆனால் நியூசிலாந்துப் பலகையோடு போட்டி போட அது போதாது. மண் அரிப்பை நிறுத்த நட்ட மரத்தைப் பலகைக்காக யாரும் வளர்க்கவில்லை. பலகைக்கு வளர்க்கிறவர் இடையில் சில மரங்களை வெட்டி ஐதாக்குவார், கீழ்க் கிளைகளைக் கழிப்பார். அது சரியாக நடக்காத இடத்தில் மரம் நெருக்கமாக, மெலிந்து, கணு நிறைய விழுந்து நிற்கும். ஈரமான வெப்பப் பகுதியில் கரீபியன் பைனஸுக்கு இன்னொரு குணம் உண்டு, சில மரங்கள் கிளையே விடாமல் நரிவால் மாதிரி நெட்டுக்குத்தாக ஓடும், அவற்றில் காற்றடித்தால் முறிவதும் அதிகம். வேகமாக வளர்ந்த மரத்தின் நடுப்பகுதி இளசு, காயும்போது முறுக்கிக்கொள்ளும். வெட்டிப் போட்டுப் பத்து நாள் மழையில் கிடந்தாலோ நீலக்கறைப் பூஞ்சணம் ஏறி, பலகை பார்க்கவே சகிக்காது, அதனால் உடனே அறுத்து உடனே காய வைக்கும் சூளை பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதோடு செங்குத்துச் சரிவு, லொறி ஏறாத பாதை, வெட்டினால் மண் வழுக்கிவிடுமோ என்ற பயம், அந்தப் பயம் உண்மையானதும்கூட. நீரேந்துப் பகுதியில் மொத்தமாக வெட்டித் தள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஐதாக்கி, இடைவெளியில் நாட்டு மரங்களை நட்டு மெதுவாக மாற்றலாம் என்று சிங்கராஜா எல்லையில் இருந்த பைனஸ் தோட்டங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். அப்படி ஐதாக்கும்போது விழும் மரம் அந்தந்தப் பிரதேசத்துச் சின்ன ஆலைகளுக்குப் போனால் நல்லது. இப்போதோ வருடா வருடம் வறட்சியில் தீ பிடித்து எரிகிற அளவுக்கு ஊசி இலை கீழே குவிந்து கிடக்கிறது.

உலகச் சட்டங்கள் பக்கமும் ஒரு பார்வை. 1986இலிருந்து யோகோஹாமாவில் சர்வதேச வெப்பமண்டல மர அமைப்பு இயங்குகிறது, மரம் விற்கும் நாடும் வாங்கும் நாடும் ஒரே மேசையில் உட்காருகிற இடம் அது. அமெரிக்கா 2008இல் திருட்டு மர இறக்குமதியைக் குற்றமாக்கியது, ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் தன் சட்டத்தை அமலாக்கியது, இந்தோனேசியா 2016இல் முதல் நாடாக அதற்கான உரிமப்பத்திரத்தோடு மரம் அனுப்பியது. இப்போது அடுத்த கட்டம்: 2020 டிசம்பருக்குப் பிறகு காடழித்த காணியில் விளைந்த மரம், இறப்பர், கோப்பி போன்றவை ஐரோப்பாவுக்குள் வரக்கூடாது, எந்தக் காணியில் விளைந்தது என்று வரைபடப் புள்ளியோடு காட்ட வேண்டும். 2023இல் நிறைவேறிய இந்தச் சட்டத்தின் அமலாக்கத்தைத் தள்ளித் தள்ளிப் போடுகிறார்கள் என்றாலும், இலங்கையின் இறப்பர்க்காரர்களுக்கு இது தலைவலிதான். தேயிலை அந்தப் பட்டியலில் இல்லை, இப்போதைக்குத் தப்பித்தோம். காணி உறுதியும் ஜீபிஎஸ்ஸும் வைத்திருக்கிற பெரிய கம்பனி இதையெல்லாம் சமாளித்துவிடும், அரை ஏக்கர்க்காரர் என்ன செய்வார் என்பதற்குப் பிரசல்ஸில் இந்தச் சட்டத்தைப் போட்டவர்களிடம் நல்ல பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக, மரக்காலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். மருந்து ஏற்றிய பைனஸ் என்றால் என்ன மருந்து என்று கேளுங்கள். பச்சை நிறம் ஏறியிருந்தால் அது பொதுவாகச் செம்பு கலந்த மருந்து, மழை ஈரத்தைத் தாங்கும், ஆனால் துண்டு துணுக்கு மிஞ்சினால் அடுப்பில் வைக்காதீர்கள், சில வகையில் ஆர்சனிக் இருக்கிறது, அந்தப் புகையும் சாம்பலும் விஷம். போரோன் என்றால் பெரும்பாலும் நிறமே தெரியாது, மழை பட்டால் கரைந்து வெளியேறிவிடும், ஆகவே தகரத்துக்குக் கீழே, ஒழுகாத கூரைக்குள் மட்டும் போடலாம். மருந்து ஏற்றிய பிறகு அறுத்த முனையைப் பாருங்கள், மருந்து ஓரத்தில் மட்டும் நிற்கிறதா, உள்ளேயும் போயிருக்கிறதா என்று அங்கேதான் தெரியும். நீளத்துக்கு அறுத்தாலோ துளை போட்டாலோ அந்த இடத்தில் திரும்ப மருந்து பூச வேண்டும், தேவையில்லை என்று தச்சு பாஸ் சொன்னாலும் பூசச் சொல்லுங்கள்.